பவானி பேர் சொல்லாத ஊர்

பவானி அந்த நாட்டின் பெயரைச் சொல்வதை நிறுத்தி வெகு நாளாகிறது. அவள் புருஷன் கார்த்திகேசன் இருப்பது அங்கேதான். ஏசி, ஃப்ரிட்ஜ் பழுது பார்க்கிற மெக்கானிக். பனி கொட்டுகிற சீமையில் ஃப்ரிட்ஜுக்கு என்னடா வேலை என்று கல்யாணப் பந்தலிலேயே அவனைக் கேலி செய்தார்கள். அன்றைக்குச் சேர்ந்து சிரித்தவள்தான் அவளும். இப்போது யார் கேட்டாலும் "அந்த ஊரு" என்பாள், அதோடு வாயை மூடிக்கொள்வாள். சக்களத்தி பெயரை எவளாவது வாய் நிறையச் சொல்வாளா? அந்த மாதிரிதான் வைத்துக்கொள்ளுங்கள்.

சிதம்பரத்தில் தேரோடும் வீதிக்குப் பின்னால் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் அவளுக்கு வேலை. ஊசி குத்துவதில் கெட்டிக்காரி. குழந்தை கூட அழாது. ஆனால் வருகிறவர்கள் கையை நீட்டிக்கொண்டே, "எப்பம்மா பிளைட்டு? இன்னும் விசா வரலயா?" என்று ஆரம்பித்துவிடுவார்கள்.

"பேசாதீங்க, நரம்பு ஓடிடும்" என்பாள் பவானி.

நரம்பு எங்கும் ஓடாது. ஓட வேண்டியது அவள். அவளைத்தான் மூன்று வருஷமாக ஒரு இடத்தில் குத்தவைத்து உட்கார வைத்திருந்தார்கள்.

கல்யாணம் ஆனி மாதம். கார்த்திகேசனுக்குக் கிடைத்தது ஆறு வாரம் லீவு. சிதம்பரத்தில் மாமியார் ஞானாம்பாள் வீட்டில் மூன்று வாரம் சந்தோஷமாகத்தான் போயிற்று. அதற்குள் ஆடி பிறந்துவிட்டது. பவானியின் அம்மா அமராவதி கடலூர் முதுநகரிலிருந்து பூ, பழம், வெற்றிலை பாக்கு, மருமகனுக்கு வேட்டி எல்லாம் தட்டில் வைத்துக்கொண்டு வந்து, பெண்ணைக் கையோடு அழைத்துப் போய்விட்டாள். புதுசாகக் கட்டிக்கொடுத்த பெண் ஆடியில் அம்மா வீட்டில்தான் இருக்க வேண்டும், புருஷன் முகம் பார்க்கக் கூடாது. இந்தப் பக்கத்தில் யாரும் அதைக் கேள்வி கேட்பதில்லை.

கார்த்திகேசன் மட்டும் கேட்டான். "யம்மா, ஆடி பாதியில எனக்கு பிளைட்டு. அவள இப்ப அனுப்பிட்டா நான் எப்பதான் பாக்குறது?"

"டிக்கெட்டு போட்டவன போயி கேளு" என்றாள் ஞானாம்பாள். அவள் ஒரு சொல் சொன்னால் அதை நகர்த்த ஆளில்லை. புருஷன் போன பிறகு புவனகிரிப் பக்கத்து நிலத்தையும் மகனையும் ஒண்டியாக நிமிர்த்தியவள். இளக்கம் காட்டினால் எல்லாம் கையை விட்டுப் போய்விடும் என்று பழகிப்போன மனுஷி.

ஆனால் பவானிக்கு லேப் வேலை சிதம்பரத்தில் இருந்ததே! காலையில் முதுநகரில் பாசஞ்சர் ஏறி வருவாள், சாயங்காலம் அதே பாசஞ்சரில் திரும்புவாள். முதல் நாள் சாயங்காலம் சிதம்பரம் ஸ்டேஷனில் பெட்டிக்குள் ஏறினால், கார்த்திகேசன் கதவோரம் நின்றுகொண்டிருக்கிறான்.

"ஐயோ மாமா, ஆடி!" என்றாள்.

"வூட்லதான சேரக் கூடாதுன்னாங்க? ரயிலு யார் வூடு?"

அப்புறம் தினமும் அப்படித்தான். கிள்ளை, பரங்கிப்பேட்டை, புதுச்சத்திரம், ஆலப்பாக்கம் என்று கூட்டத்தில் இடிபட்டுக்கொண்டு, ஒரு பொட்டலம் வேர்க்கடலையைப் பங்கு போட்டுத் தின்றுகொண்டு முதுநகர் வரைக்கும் வருவான். அவள் இறங்கிப் போனதும் பஸ் பிடித்துச் சிதம்பரம் திரும்பி, "கூட்டாளிய பாத்துட்டு வந்தேன்மா" என்பான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிச்சாவரத்தில் படகேறினார்கள். அமராவதியிடம் லேபில் ஓவர்டைம் என்று சொல்லியிருந்தாள். கல்யாணம் ஆன பிறகுதான் அவர்களுக்குக் காதல் வந்தது. இரண்டு அம்மாக்களுக்கும் இது தெரியாது. தெரியவே கூடாது என்று புருஷனும் பெண்டாட்டியும் சத்தியம் செய்துகொண்டார்கள்.

அவன் போன பிறகு, ஆவணியில் பவானி மாமியார் வீட்டுக்கே திரும்பிவிட்டாள். அந்த வருஷம் தீபாவளிக்கு முன்னாலேயே, அவளைக் கூப்பிட்டுக்கொள்ள அவன் விசா மனுப் போட்டான். ஒரு வருஷத்தில் வந்துவிடும் என்றார்கள்.

வரவில்லை. கம்ப்யூட்டரைத் திறந்தால் "பரிசீலனையில் உள்ளது" என்று ஒரே வரி. சாமி சிலைக்குக் கூட வாரத்துக்கு ஒரு தரம் சாத்துகிற துணியை மாற்றுவார்கள், இந்த வரியை யாரும் மாற்றவில்லை. சென்னைக்குப் போய் மெடிக்கல் டெஸ்ட் எடுத்தாள், அது காலாவதி ஆயிற்று. மறுபடி எடுத்தாள். ஊருக்கெல்லாம் ரத்தம் எடுக்கிறவள் கையில் எவளோ ஒரு சின்னப் பெண் மூன்று இடத்தில் குத்தி நீலம் பாரிக்க வைத்தாள். போலீசிடம் நல்லவள் என்று சர்டிபிகேட் வாங்கினாள், அதுவும் காலாவதி. "ஒரு வருசம் ஆனா நான் கெட்டவளா ஆயிடுவனா?" என்று போனில் கத்தினாள். புருஷனோடு பேசிய வாட்ஸப் எல்லாம் அச்செடுத்து அனுப்பச் சொன்னார்கள். கத்தை கத்தையாக வந்தது. பக்கத்துக்குப் பக்கம் "சாப்ட்டியா?", "சாப்ட்டேன், நீங்க?", "இன்னும் இல்ல", "மொதல்ல சாப்புடுங்க". இதைப் படித்துவிட்டு எவனோ ஒருவன் இவர்கள் புருஷன் பெண்டாட்டிதானா என்று தீர்ப்பு சொல்லப் போகிறான். அதை நினைத்தால் அவளுக்கு உடம்பெல்லாம் எரியும்.

இரண்டாம் வருஷம் விசா ஆபீசிலிருந்து ஒரு அதிகாரி போனில் விசாரித்தார். நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர். கல்யாணத்துக்குப் பிறகு எங்கே இருந்தாய் என்று கேள்வி.

"மூணு வாரம் மாமியார் வீடு. அப்புறம் அம்மா வீடு."

"கணவர் அப்போது எங்கே இருந்தார்?"

"சிதம்பரத்துல. அவர் வீட்டுல."

"ஏதாவது சண்டையா?"

"சண்டையெல்லாம் இல்லைங்க. ஆடி மாசம்."

அந்தப் பக்கம் இரண்டு பேரும் ஏதோ பேசிக்கொண்டார்கள். ரயிலைப் பற்றிச் சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனி வரை வந்தது. எதிரே ஞானாம்பாள் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு, மருமகள் பரீட்சை எழுதுகிறாள் என்பதுபோல மூச்சை அடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பவானி வாயை மூடிக்கொண்டாள். போனும் முடிந்தது. அதன் பிறகு அந்த ஆபீசிலிருந்து ஒரு சத்தமும் இல்லை.

கார்த்திகேசன்தான் அங்கே செம்பியன் என்கிற தமிழ் வக்கீலைப் பிடித்தான். அவர் வீடியோவில் வந்து விளக்கினார்.

"தங்கச்சி, இது விசா கேக்குற கேஸ் இல்ல. ஆமான்னோ இல்லைன்னோ ஒரு பதிலச் சொல்லுன்னு அந்த ஆபீஸ்காரன கோர்ட்டு மூலமா கேக்குற கேஸ்."

"பதில் சொல்லுன்னு கேக்குறதுக்கே கோர்ட்டுக்குப் போவணுமா சார்?"

"போவணும்."

"அப்பறம் அவன் இல்லைன்னு சொல்லிட்டா?"

"சொல்லலாம். ஆனா காரணம் சொல்லணும். இப்ப அதுவும் இல்லாமத்தான வெச்சிருக்கான்."

பவானி, "போடுங்க சார். திட்டுறதா இருந்தாலும் மூஞ்சியப் பாத்துத் திட்டட்டும்" என்றாள்.

ஞானாம்பாளின் தம்பி சடையப்பன் இதைக் கேட்டுத் தலையில் கை வைத்தார். "அவன் நாட்டு சர்க்கார் மேலயே கேஸா? குடுக்க இருந்தவனும் குடுக்க மாட்டாம்மா. பணிவா ஒரு லெட்டர் எழுதிப் பாக்கலாமே."

"மூணு வருசமா பணிஞ்சு பணிஞ்சு முதுகு வளைஞ்சிட்டுது மாமா. இனிமே நிமுந்து பாக்குறேன்."

கோர்ட்டுக்குக் குடும்பத்தார் பிரமாணப் பத்திரம் வேண்டும் என்றார் செம்பியன். கடலூர் மஞ்சக்குப்பத்தில் சுப்புராயன் என்று ஒரு நோட்டரி வக்கீல். ஞானாம்பாள் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு, மருமகளைக் கூட்டிக்கொண்டு போனாள். சீமைக் கோர்ட்டுக்குத் தன் வாக்குமூலம் போகிறது என்றால் சும்மாவா?

"உங்க மகன் கல்யாணம் முறைப்படி நடந்துச்சின்னு சொல்லுங்கம்மா, போதும்" என்றார் சுப்புராயன்.

"அது என்னா போதும்? நல்லா எழுதிக்கங்க தம்பி. நாங்க மானம் மரியாதையான குடும்பம். ஆடி பொறந்த அன்னிக்கே பொண்ண அம்மா வூட்டுக்கு அனுப்பிட்டோம். அவன் பிளைட்டு ஏர்ற வரைக்கும் ரெண்டு பேரும் ஒரு நாள், ஒரே ஒரு நாள் கூட மூஞ்சி பாத்துக்கல. இத அழுத்தி எழுதுங்க."

சுப்புராயன் பவானியைப் பார்த்தார். பவானி சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாள். அழுத்தித்தான் எழுதினார். ஆங்கிலத்தில் அது இன்னும் அழுத்தமாக விழுந்தது. பவானி அதைப் படித்தாள். படித்துவிட்டு, ஒரு சொல் சொல்லாமல், மாமியார் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்துக் கொடுத்தாள்.

கேஸ் போனது. சில வாரம் கழித்துச் செம்பியன் கூப்பிட்டார். கோபமாக இருந்தார்.

"சர்க்கார் வக்கீல் பதில் போட்டிருக்கான் தங்கச்சி. கல்யாணம் ஆகி மூணே வாரத்துல பிரிஞ்சிட்டாங்க, மாமியாரே சத்தியம் பண்ணியிருக்காங்க, அதனாலதான் சந்தேகப்பட்டு விசாரிக்கிறோம், அதான் லேட்டுங்கறான். உங்க மாமியார் சொன்னத வெச்சே உங்கள அடிக்கிறான். அந்த நாள்ல நீங்க ரெண்டு பேரும் நெஜமாவே பாத்துக்கலயா?"

பவானிக்குக் கண்ணில் நீர் முட்டியது. அழுகை இல்லை, ஆத்திரம். மூன்று வாரம் ஒரே கூரைக்கடியில் இருந்தது அவன் கண்ணில் படவில்லை. பிரிவு மட்டும் பட்டுவிட்டது. அவன் மேல் வந்த ஆத்திரத்தில் பாதி தன் மேலும் வந்தது. காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றாளே, அந்தப் பவானியின் கன்னத்தில் இரண்டு வைக்க வேண்டும் போலிருந்தது.

"பாத்துக்கிட்டோம் சார்" என்றாள். "தெனமும்."

போனில் இருந்த படங்களைத் தேடி எடுத்தாள். ரயில் கதவோரத்தில் இருவரும், ஆடிக் காற்றில் தலைமுடி பறக்க. பிச்சாவரத்தில் படகுக்காரர் எடுத்துக் கொடுத்த படம் ஒன்று. எல்லாவற்றிலும் தேதி இருந்தது. ஆனால் சுப்புராயன் சொல்லிவிட்டார்: "மாமியார் சத்தியத்துக்கு நேர் எதிரா மருமக சத்தியம் பண்ணா ரெண்டுல ஒன்னு பொய்ம்பான். அவங்களும் வந்து, எனக்குத் தெரியாம நடந்திருக்குன்னு சொல்லணும். கூட்டிட்டு வாங்க."

அன்று சாயங்காலம் ஞானாம்பாள் கொத்தவரங்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். பவானி எதிரே உட்கார்ந்து தானும் நாலு காயை எடுத்தாள். எடுத்ததைக் கிள்ளாமல் கையில் வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். ரயில், வேர்க்கடலை, பிச்சாவரம், சர்க்கார் வக்கீல் சொன்னது வரைக்கும்.

ஞானாம்பாள் கை நின்றது.

"ஒரே ஒரு நாள் கூட பாத்துக்கலன்னு நான் சொல்லச்சே நீ பக்கத்துலதான நின்ன?"

"ஆமாங்கத்தை."

"பேனாவ எடுத்துக் குடுத்தவளும் நீதான?"

பவானி கையில் இருந்த காயை முறத்தில் போட்டாள்.

"ஆடிய மீறினீங்க, சரி, அது உங்க பாடு. என்னைப் பொய்க்காரி ஆக்கிட்டீங்களேடி! நாலு ஊரு பஞ்சாயத்துல என் சொல்லு நின்னுருக்கு. கடல் தாண்டிப் போயி கோர்ட்டுல பொய் சொல்ல வெச்சிட்டியே. வாயத் தொறந்து, அத்தை அப்பிடி இல்லன்னு ஒரு வார்த்த சொல்ல மாட்டியா?"

"எப்பிடிச் சொல்றது? பட்டுப் பொடவ கட்டிக்கிட்டு வந்து மானம் மரியாதைன்னு ஆரம்பிச்சிட்டீங்க. எதுர்ல பேச முடியுதா உங்ககிட்ட? உங்க புள்ளையாலயே முடியலயே, அதான ரயில்ல வந்து நின்னாரு!"

இந்த வீட்டில் பவானி குரல் அந்த உயரத்துக்குப் போனது அதுதான் முதல் தடவை. காய் முறத்திலிருந்து சிதறியது. ஞானாம்பாள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் இறங்கியதா ஏறியதா என்று முகத்தில் தெரியவில்லை.

"தெனமும் வந்தானா?" என்றாள் கடைசியில்.

"தெனமும்."

"கூட்டாளிய பாக்கப் போறேம்பான். எந்தக் கூட்டாளிடா தெனமும் சாயங்காலம் பொறக்குறான்னு நெனச்சேன்" என்று ஒரு காயை எடுத்து நறுக்கென்று கிள்ளினாள். "காலையில எந்த பஸ்சுக்குப் போவணும்?"

இந்தத் தடவை பட்டு இல்லை. வீட்டில் கட்டுகிற நூல் புடவை. சுப்புராயன் எழுதித் தயாராக வைத்திருந்ததைத் தமிழில் படித்துக் காட்டினார்: இன்னின்ன விஷயம் எனக்குத் தெரியாமல் நடந்தது, முன்பு சொன்னதைத் திருத்திக்கொள்கிறேன், வருந்துகிறேன்.

"வருந்துறேன்னு ஏன் எழுதினீங்க? அடிங்க அத" என்றாள் ஞானாம்பாள்.

"அம்மா, கோர்ட்டுக்கு ஒரு மரியாதைக்கு..."

"நான் பிரிச்சேன். அது நெசம். அவுங்க பிரியல. அதுவும் நெசம். ரெண்டையும் எழுதுங்க. இன்னொன்னும் எழுதுங்க தம்பி. ஆடிக்கு யாரப் பிரிப்போம்? சேந்து இருக்கற ஜோடியத்தான் பிரிப்போம். சேராத ஜோடிய எவனாவது மெனக்கெட்டு, தட்டுல பூ பழம் வெச்சி வந்து பிரிப்பானா? நாங்க பிரிச்சதே அவுங்க புருசன் பொண்டாட்டிங்கறதாலதான். இது தெரியாம ஒருத்தன் மூணு வருசமா எங்க புள்ளைங்களப் பிரிச்சி வெச்சிருக்கான். நான் ஒரு மாசம் பிரிச்சதுக்குக் காரணம் சொல்லிட்டேன். அவன் காரணத்த அவனச் சொல்லச் சொல்லுங்க."

சுப்புராயன் எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார். பிறகு குனிந்து, ஒரு சொல் விடாமல் எழுதினார்.

விசாரணை வீடியோவில் நடந்தது. அங்கே காலை, இங்கே விளக்கு வைக்கிற நேரம். பவானியும் ஞானாம்பாளும் சடையப்பனும் ஒரு சின்ன லேப்டாப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். நீதிபதி ஒரு நரைத்த அம்மாள். பவானிக்கு ஆங்கிலம் பாதி புரிந்தது. சர்க்கார் வக்கீல் சிக்கல், சரிபார்ப்பு என்று என்னென்னவோ அடுக்கினார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இன்னும் எவ்வளவு காலம் வேண்டும் என்று கேட்டார். சொல்ல இயலாது என்றார் வக்கீல். போனில் விசாரித்த பிறகு இத்தனை நாளும் என்ன சரிபார்த்தீர்கள் என்று நீதிபதி கேட்டார். வக்கீல் காகிதத்தைப் புரட்டினார். புரட்டிக்கொண்டே இருந்தார்.

அப்போது நீதிபதி ஞானாம்பாள் சொன்னதை வாய்விட்டுப் படித்தார். சேர்ந்திருக்கிற ஜோடியைத்தான் பிரிப்பார்கள் என்கிற அந்த வரியை. "மாமியாருக்கு விளங்கியிருக்கிறது" என்று ஏதோ சொன்னார்.

"என்னாடி சொல்றாங்க, என் பேரு வந்துச்சே?" என்று ஞானாம்பாள் பவானியின் தொடையைக் கிள்ளினாள்.

"சும்மா இருங்கத்தை!"

தீர்ப்பு சில நாளில் வந்தது. ஒரு மாதத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும். அந்த மாதம் முடியுமுன்னே விசா வந்துவிட்டது. மூன்று வருஷம் திறக்காத பூட்டு, ஒரு அம்மாள் கண்ணாடியைக் கழற்றியதும் திறந்துகொண்டது. அப்படியானால் இத்தனை நாளும் அது பூட்டியே இல்லை. யாரோ ஒருத்தர் கதவில் சாய்ந்துகொண்டு நின்றிருக்கிறார், அவ்வளவுதான். பவானிக்கு முதலில் வந்தது சந்தோஷம் இல்லை. கையில் இருந்த டம்ளரைச் சுவரில் எறிந்தாள்.

தெருவில் வருகிறவர் போகிறவரெல்லாம், "கடைசியில குடுத்துட்டாங்களே, நல்ல மனசு" என்றார்கள்.

"என்னாத்த குடுத்தான்? என் புருசன் என் கல்யாணத்தன்னிக்கே எனக்குக் கெடைச்சாரு. அவன் குடுக்கல. எடுத்து வெச்சிருந்தத திருப்பிக் குடுத்திருக்கான். போன வருசத்தையெல்லாம் யாரு திருப்பிக் குடுப்பா?" என்று வாசலிலேயே நின்று கேட்டாள். கேட்டவர்கள் நைசாக நகர்ந்தார்கள்.

இன்னொரு சங்கடமும் இருந்தது. மெடிக்கல் டெஸ்டின் கெடு முடிவதற்குள் அவள் அங்கே போய் இறங்கியாக வேண்டும். அந்தக் கெடு ஆடி மாதம் நடுவில் முடிகிறது.

சடையப்பன் மெதுவாக இழுத்தார். "ஆடியில போயி பொண்ண புருசன்கிட்ட அனுப்புறதா? இன்னொரு தரம் டெஸ்டு எடுத்துட்டு ஆவணியில..."

"ஏன், அடுத்த ஆடி வரைக்கும் பொறுத்துட்டுத்தான் போவட்டுமே" என்றாள் ஞானாம்பாள். "நீ வாய மூடிக்கிட்டு பொட்டிய தூக்குடா. ஆடிய நான் பாத்துக்கறேன்."

பவானி பகல் எக்ஸ்பிரஸில் சென்னைக்குக் கிளம்பினாள். வழியனுப்ப ஞானாம்பாளும் கூட ஏறினாள். முதுநகர் ஸ்டேஷனில் அமராவதி புளிசாதப் பொட்டலத்தை ஜன்னல் வழியாகத் திணித்துவிட்டு, ரயில் நகர்கிற வரைக்கும் மகள் கையை விடவில்லை. ரயில் வேகம் பிடித்த பிறகு ஞானாம்பாள் கேட்டாள்.

"எந்த எடத்துல நிப்பீங்க ரெண்டு பேரும்?"

"அது பாசஞ்சர் வண்டிங்கத்தை. இது வேற."

"அட, எந்த மாதிரி எடம்னு காட்டுடி."

பவானி எழுந்து பெட்டியின் கடைசிக்குக் கூட்டிப்போனாள். கதவோரம், கை கழுவுகிற தொட்டிக்குப் பக்கத்தில். "இங்க நானு. இங்க அவுரு."

ஞானாம்பாள் அந்த இடத்தைப் பார்த்தாள். எதிரே இருந்த கதவைப் பார்த்தாள். மூக்கைச் சுளித்தாள்.

"கக்கூசுக்குப் பக்கத்துலயாடி?"

"வேற எங்க எடம் இருக்கும், அந்தக் கூட்டத்துல?"

"இந்த நாத்தத்துல ஒருத்தன் தெனமும் வந்து நின்னுருக்கான்னா அவன் புருசன் இல்லாம வேற யாரு? இத எழுத விட்டுட்டோமேடி அந்த ஜட்ஜம்மாவுக்கு!" என்று ஞானாம்பாள் கதவுக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். ஆடிக் காற்று அவள் தலைப்பைத் தூக்கி அடித்தது. "போயி எறங்கினதும் அவன்கிட்ட சொல்லு, ஆடி முடியிற வரைக்கும் என் எதுர்ல வீடியோ போன்ல சேந்து வந்து நிக்க வேணாம். தனித்தனியா வந்து பேசுங்க. என் கண்ணுக்கும் கொஞ்சம் மரியாத இருக்கணும்."

பவானி தொட்டிக்கு இந்தப் பக்கம், தான் வழக்கமாக நிற்கிற இடத்தில் நின்றாள். சிரித்தாள். ஆனால் அந்த நாட்டின் பெயரை அன்றைக்கும் அவள் சொல்லவில்லை. "அந்த ஊரு போயி சேந்ததும் போன் பண்றேங்கத்தை" என்றாள்.